நான்கு அடிப் பலகையில் யாங்கோன் வட்டப் பாதை

[காட்சி: யாங்கோன் வரைபடம். நகரைச் சுற்றிச் செல்லும் ரயில் பாதை சிவப்புக் கோடாகத் தெரிகிறது.]

வணக்கம். யாங்கோன் வட்ட ரயில் பாதையை ஒரு சிறு மாதிரி ரயிலாக வீட்டுப் பலகையில் எப்படிச் செய்வது என்று பார்ப்போம். நம் நகரைச் சுற்றி வரும் வட்ட ரயில் பாதையின் நீளம் 45.9 கிலோமீட்டர், அதில் உள்ள நிலையங்கள் 39. அந்தப் பாதையை 150-இல் ஒரு பங்காகச் சுருக்கினாலும் 306 மீட்டர் வருகிறது. நமக்கு வாய்த்த வீடோ, நகரின் நடுப்பகுதியில் பலருக்கும் வாய்த்ததைப் போல, பன்னிரண்டரை அடி அகலத்தில் உள்நோக்கி நீண்டுகொண்டே போகும் அடுக்குமாடி வீடு. அதில் சாமி அலமாரியும் சாப்பாட்டு மேசையும் போக, சுவரோரம் சாய்த்து வைக்கக்கூடிய ஒரு பலகைக்கு மட்டுமே இடம் மிஞ்சும். அந்தப் பலகையில் எவற்றையெல்லாம் வைக்காமல் விடுவது என்பதை முதலில் தீர்மானித்துவிட்டால், மற்ற வேலை எளிதாகிவிடும்.

[காட்சி: அளவுகோலின் அருகே இரண்டு மாதிரிப் பெட்டிகள், ஒன்று பெரியது, ஒன்று சிறியது.]

முதலில் அளவு. மாதிரி ரயில்களில் உலகில் பரவலாக விற்கும் 'எச்ஓ' அளவு, உண்மை அளவில் 87-இல் ஒரு பங்கு. யாங்கோனில் ஓடும் பழைய ஜப்பானிய டீசல் பெட்டியான கிஹா 40 ஏறத்தாழ 21 மீட்டர் நீளமுடையது. 'எச்ஓ' அளவில் அந்த ஒரு பெட்டியே 24 செ.மீ. வந்துவிடும். 150-இல் ஒரு பங்கான ஜப்பானிய 'என்' அளவில் அதே பெட்டி 14 செ.மீ.தான். காட்டோ, டோமிக்ஸ் ஆகிய நிறுவனங்கள் கிஹா 40 மாதிரியை இந்த அளவில் செய்திருப்பதால், நாம் நாள்தோறும் பார்க்கும் வண்டியையே பலகையில் ஓட்டலாம். 'என்' தண்டவாளத்தின் அகலம் 9 மி.மீ. நம் மீட்டர் கேஜுக்கு, அதாவது ஒரு மீட்டர் அகலத் தண்டவாளத்துக்கு, சரியாக 6.7 மி.மீ. இருந்திருக்க வேண்டும். இந்த வேறுபாட்டை ஏற்றுக்கொள்ளுமாறு சொல்வேன். தண்டவாளத்தைக் கையால் செய்யத் தொடங்கினால் ஆண்டுகள் ஓடிவிடும், வண்டி ஓடாது.

[காட்சி: தரையில் செய்தித்தாள்களை ஒட்டி, அதன்மேல் பென்சிலால் வரைந்த திட்டம்.]

அடுத்தது பலகை. எட்டுக்கு நான்கு அடி பிளைவுட்டின் குறுக்கே இரண்டு அடி வெட்டினால் போதும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆனால் வட்டப் பாதை இரட்டைப் பாதை. காட்டோ தண்டவாளத்தில் உள்வளைவின் ஆரம் 249 மி.மீ., வெளிவளைவின் ஆரம் 282 மி.மீ. தண்டவாளத்தின் அடிப்பகுதியையும் சேர்த்தால் மொத்த அகலம் 589 மி.மீ.; இரண்டடிப் பலகை 610 மி.மீ. ஆக, ஒவ்வொரு பக்கமும் விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கும், தடம் புரளும் வண்டி நேராகத் தரையில்தான் விழும். ஆகவே இரண்டரை அடியாக வெட்டுங்கள். இருபுறமும் 8 செ.மீ.க்குக் குறையாமல் இடம் கிடைக்கும், அங்கே மரமும் வீடும் வைக்கலாம்.

நான்கு அடி நீளத்தில் இருபக்க வளைவுகளும் போக, நேர்ப் பாதைக்குக் கிடைப்பது 63 செ.மீ. இந்த எண்தான் திட்டம் முழுவதையும் ஆள்கிறது. மூன்று பெட்டி வண்டி ஏறத்தாழ 43 செ.மீ.; அதற்கேற்ப 45 செ.மீ. நடைமேடை அழகாக அமையும். ஆனால் வண்டியை ஒதுக்கி நிறுத்த ஒரு பக்கப் பாதை வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்தது. கணக்கிட்டுப் பாருங்கள்: ஒரு முனையில் பாயிண்ட்டும் (வண்டியை ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் தண்டவாளப் பிரிவு) அதிலிருந்து பிரியும் பாதையை மறுபடி இணையாகத் திருப்பும் வளைவும் சேர்ந்து 25 செ.மீ. எடுத்துக்கொள்ளும், இரு முனைக்கும் 50 செ.மீ. மீதி 13 செ.மீ.யில் ஒரு பெட்டிகூட முழுமையாக நிற்காது. ஆகவே இந்தப் பலகையில் பாயிண்ட்டே வேண்டாம். இரண்டு பாதைகளில் இரண்டு வண்டிகள் எதிரெதிராக ஓடட்டும். உண்மையான வட்டப் பாதையிலும் அப்படித்தானே ஓடுகின்றன.

[காட்சி: யாங்கோன் மத்திய நிலையத்தின் முகப்பு, பின் டன்யிங்கோன் சந்தை.]

எந்த நிலையத்தைச் செய்வது? மத்திய நிலையத்தின் இன்றைய கட்டடம் 1954-இல் முடிந்தது. சித்து ஊ டின் அதைப் பர்மியப் பாணியில் வடிவமைத்தார். அதன் அடுக்குக் கோபுரங்களைப் பார்த்தால் செய்யத் தோன்றும். ஆனால் அவ்வளவு நீண்ட கட்டடம் 63 செ.மீ.யை விழுங்கிவிடும். அதே வட்டப் பாதையில் உள்ள டன்யிங்கோன் நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள். அங்கே கட்டடத்தை விடத் தண்டவாளத்தை ஒட்டிக் கீரையும் காயும் குவித்து விற்கும் சந்தைதான் நிலையத்தின் முகம். சாயம் பூசிய மரத்தூளும் கத்தரித்த தாளும் போதும். கண்ணுக்குத் தெரியும் சில சென்டிமீட்டரிலேயே பார்ப்பவருக்கு இடம் விளங்கிவிடும்.

பலகையின் நீளவாக்கில், நடுவே ஒரு பின்திரையை நிறுத்துங்கள். வண்டி அதன் பின்னால் மறைந்து சற்று நேரம் கழித்து வருவதே மற்ற 38 நிலையங்களுக்கு ஈடாகும். இரு முனை வளைவுகளையும் மாமரங்களால் மறைப்பது நல்லது, ஏனெனில் நீண்ட பெட்டி இவ்வளவு இறுக்கமான வளைவில் ஓடுமே தவிர, அதன் மூலைகள் வெளியே துருத்திக்கொண்டு கண்ணை உறுத்தும்.

நம் ஊருக்கென்று இரண்டு எச்சரிக்கைகள். மழைக்காலத்தில் பிளைவுட் ஈரத்தை உறிஞ்சி வளைந்துவிடும். இருபுறமும் விளிம்புகளிலும் வார்னிஷ் பூசிய பிறகே தண்டவாளம் பதியுங்கள். மின்தடை நேரத்தில், வீட்டு விளக்குக்காக வைத்திருக்கும் 12 வோல்ட் பேட்டரியிலேயே 'என்' வண்டியை ஓட்டலாம். ஆனால் பேட்டரி தானாக மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தாது; தண்டவாளத்தில் ஓர் ஆணி குறுக்கே விழுந்தாலும் கம்பி பழுக்கக் காயும். பேட்டரியை ஒட்டியே ஓர் ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம் வைக்க வேண்டும்.

[காட்சி: வளைவில் எதிரெதிரே கடக்கும் இரு வண்டிகள், மிக அருகிலிருந்து.]

பசை ஒட்டும் முன் இரண்டு வண்டிகளையும் வளைவில் எதிரெதிராகக் கடக்க விட்டுப் பாருங்கள். உட்பாதை வண்டியின் மூலை வெளிப்பக்கம் நீளும், வெளிப்பாதை வண்டியின் நடுப்பகுதி உட்பக்கம் சாயும். இரண்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டரே மிஞ்சும். வளைவில் அந்த இடைவெளியில் விளக்குக் கம்பமோ சிக்னலோ நட இடமில்லை. அவற்றை நடைமேடைப் பக்கமே நட்டுக்கொள்ளுங்கள்.