உறைபனிக் கடலில் மீன் முட்டை பிழைப்பது எப்படி? பாம்பன் நேயரின் சந்தேகத்துக்கு விளக்கம்

பாம்பனில் விசைப்படகுத் தொழில் செய்யும் நேயர் ஒருவர், “துருவக் கடலில் மேலே பனிக்கட்டி மூடிக் கிடக்கும்போது மீன் எப்படி முட்டையிடும்? முட்டை உறைந்துபோகாதா? குஞ்சு பொரிக்க எத்தனை நாளாகும்?” என்று கேட்டிருக்கிறார்.

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஐயா. மற்றவற்றின் முடிச்சு அதில்தான் இருக்கிறது. நம் மண்டபம் மீன் குஞ்சு பொரிப்பகத்தில், 28 முதல் 30 டிகிரி வெப்பமுள்ள நீரில், கடல் விரால் முட்டை ஏறத்தாழ 22 மணி நேரத்தில் பொரித்துவிடும். அண்டார்டிகாவின் மெக்மர்டோ கடற்பகுதியில், மைனஸ் 1.9 டிகிரியை ஒட்டிய நீரில் இடப்படும் ஒருவகை டிராகன் மீனின் முட்டைக்கோ சுமார் 10 மாதம் தேவைப்படுகிறது. கடுங்குளிரில் கருவின் வளர்ச்சி அவ்வளவு மெதுவாக நடக்கிறது.

ஆகவே, குஞ்சு வெளிவரும் வேளையில் இரை இருக்க வேண்டுமானால், முட்டை அதற்குப் பல மாதங்கள் முன்பே இடப்பட்டிருக்க வேண்டும். துருவத்தில் சூரிய ஒளி திரும்பி, நுண்பாசி பெருகி, அதைத் தின்னும் சிற்றுயிர்கள் பெருகும் காலம் மிகக் குறுகியது. வடதுருவக் காட் மீன் நடுக்குளிர்காலத்தில், பனிக்கட்டிக்கு அடியிலேயே முட்டையிடுவதை இந்தக் கணக்கோடு பார்த்தால் வியப்பில்லை.

இனி உறைவதைப் பற்றி. முட்டையின் வெளியுறை, பனித்துகள் உள்ளே நுழையாமல் தடுக்கிறது. துகள் தொடாதவரை உள்ளிருக்கும் நீர்மம் எளிதில் உறையாது. வளர்ந்த மீன்களின் இரத்தத்தில் சர்க்கரை இணைந்த ஒரு புரதம் இருக்கிறது. அது நுண்ணிய பனித்துகளோடு ஒட்டிக்கொண்டு, துகள் மேலும் வளராமல் நிறுத்துகிறது. ஆனால் அண்டார்டிக் வெள்ளி மீனின் புதுக் குஞ்சில் இந்தப் புரதம் மிகக் குறைவு. டெர்ரா நோவா விரிகுடாவில் அதன் முட்டைகள், கடற்பனிக்கு அடியில் சேரும் தகட்டுப் பனிக்கு நடுவிலேயே கிடப்பதை 2002-ஆம் ஆண்டு கண்டறிந்தார்கள்! குஞ்சின் செவுள் இன்னும் முழுதாக வளராததால், பனித்துகள் அவ்வழியே எளிதில் நுழைய முடியாது; பழுதற்ற தோலே அதற்குக் காப்பாக அமைகிறது.

இத்தனை மாதம் கிடக்கும் முட்டையை வேறு மீன் தின்றுவிடாதா என்று நீங்கள் அடுத்துக் கேட்கக்கூடும். தின்னும், அதனால்தான் அண்டார்டிக் இனங்கள் பலவற்றில் காவல் உண்டு. 2021 பிப்ரவரியில் வெட்டெல் கடலின் தரையில், சுமார் 240 சதுர கிலோமீட்டர் பரப்பில், ஏறத்தாழ 6 கோடி பனிமீன் கூடுகள் இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். பல கூடுகளில் ஒரு பெரிய மீன் முட்டைகளைக் காத்துக்கொண்டிருந்தது. அங்குள்ள அடிநீர் சுற்றுப்புறத்தைவிட 2 டிகிரி வரை வெப்பமானது. அவ்விடத்தை அவை தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.