கிழக்கு வாசலில் எடுத்த படங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

மாணவர்களே நடத்தும் செய்தித்தாள் என்றால், "பிள்ளைகள் எழுதிப் பழகுகிறார்கள்" என்று சொல்லி நகர்ந்துவிடுவது பலருக்கும் வழக்கம். இதழியல் சொல்லித்தருகிறவன் என்ற முறையில், அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு பொறுப்பதில்லை. அதனால்தான் இன்றைக்கு ஒரு மாணவர் நாளிதழின் கதையை உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன். அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் நடத்தும் 'ஸ்டான்ஃபோர்டு டெய்லி'.

பல்கலைக்கழகம் திறந்தது 1891இல். அடுத்த ஆண்டே மாணவர்கள் பத்திரிகை தொடங்கிவிட்டார்கள். அப்போது அதன் பெயர் 'டெய்லி பாலோ ஆல்டோ'. 1926இல்தான் இப்போதைய பெயர் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளைத் தாண்டி நேராக 1971 ஏப்ரலுக்கு வருகிறேன். நான் சொல்ல நினைப்பது அங்கேதான் தொடங்குகிறது.

பல்கலைக்கழக மருத்துவமனையில் வேலை பார்த்த ஒரு கறுப்பினத் துப்புரவுப் பணியாளரை வேலையை விட்டு நீக்கினார்கள். அதைக் கண்டித்துப் போராடியவர்கள் மருத்துவமனையின் நிர்வாக அலுவலகத்துக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டார்கள். மறுநாள், ஏப்ரல் 9, வெள்ளிக்கிழமை, அவர்களை வெளியேற்றப் போலீஸ் வந்தது. நீண்ட நடைவழி ஒன்று, இரு முனையிலும் கதவு. போலீசார் மேற்குக் கதவை உடைத்துக்கொண்டு நுழைந்தார்கள். அந்த நேரத்தில் கிழக்குக் கதவு வழியாகக் கம்புகளோடு ஒரு கூட்டம் வெளியே பாய்ந்தது. அங்கே நின்ற ஒன்பது போலீசாருக்கும் காயம். ஒருவருக்குத் தோள் எலும்பு முறிந்தது.

அடித்தவர்கள் யார்? போலீசாரால் இரண்டு பேரைத்தான் அடையாளம் காட்ட முடிந்தது. கிழக்குப் பக்கத்தில் போலீஸ் புகைப்படக்காரர் எவரும் இல்லை. நிருபர்கள் பெரும்பாலும் மேற்குப் பக்கம் நின்றிருந்தார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வெளிவந்த டெய்லியின் சிறப்புப் பதிப்பில் படங்கள் இருந்தன. அவற்றை எடுத்த மாணவர் கிழக்கு முனையில் நின்றிருக்கிறார் என்பது பார்த்தவுடனே தெரிந்தது.

திங்கட்கிழமை நீதிமன்றச் சோதனை ஆணையோடு நான்கு போலீசார் பத்திரிகை அலுவலகத்துக்கே வந்துவிட்டார்கள். இருட்டறை, கோப்பு அலமாரிகள், மேசைகள், கடைசியில் குப்பைக்கூடைகள்கூட விடவில்லை. பூட்டிய இழுப்பறைகளை மட்டும் திறக்கவில்லை. மாணவர்கள் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அவர்களுடைய குறிப்பேடுகளும் கடிதங்களும் போலீசார் கண்ணெதிரே கிடந்தன. கடைசியில் கிடைத்தது, ஏற்கெனவே அச்சாகி ஊரே பார்த்துவிட்ட அதே படங்கள். போலீசார் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பத்திரிகையில் இருந்த எவர் மீதும் குற்றச்சாட்டு இல்லை. குற்றம் செய்யாதவர் வீட்டிலோ அலுவலகத்திலோ, வேறொருவரைப் பற்றிய ஆதாரம் இருக்கலாம் என்று சொல்லிச் சோதனை போடலாமா? அதுவும் செய்தி சேகரிப்பவர் மேசையில்? 'பெயரைச் சொல்ல மாட்டோம்' என்று வாக்குக் கொடுத்துத்தான் ஒரு நிருபர் பல செய்திகளைப் பெறுகிறார். அந்தப் பெயர் எழுதிய தாள் போலீஸ் கைக்குப் போகும் என்றால், நாளைக்கு அவரிடம் யார் வாய் திறப்பார்கள்?

மாணவர்கள் வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றத்திலும் மேல்முறையீட்டிலும் ஜெயித்தார்கள். 1978இல் உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் தோற்றார்கள். சோதனை நடந்தபோது அலுவலகத்தில் இருந்த மாணவர்கள் அதற்குள் படிப்பை முடித்துப் போயிருப்பார்கள். ஒருத்தரும் நாலைந்து ஆண்டுக்கு மேல் தங்காத ஓர் அலுவலகம், ஏழு ஆண்டு ஒரு வழக்கை விடாமல் நடத்தியதே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஆனால் அந்தத் தோல்விதான் நாடு முழுவதும் பத்திரிகைக்காரர்களை உலுக்கியது. இந்தத் தீர்ப்பு நின்றால் எந்த அலுவலகத்துக்குள்ளும் போலீஸ் நுழையலாமே என்ற கவலை பரவியது. 1980இல் அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டமே கொண்டுவந்தது. செய்திக்காகச் சேகரித்த பொருட்களைத் தேடிச் சோதனை போடக் கூடாது என்பதே பொது விதி, சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. வேண்டுமென்றால் சம்மன் அனுப்பிக் கேட்க வேண்டும். சம்மன் வந்தால், கொடுப்பதற்கு முன்னால் நீதிமன்றத்தில் வாதாட வழி இருக்கிறது. கதவைத் தள்ளிக்கொண்டு ஆள் நுழைந்துவிட்டால் அந்த வழி இல்லை.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 1973இல், டெய்லி பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து தனி நிறுவனமாகிவிட்டது. அன்றைக்கு இதை ஒரு நிர்வாக ஏற்பாடு என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். அதன் அருமை தெரிந்தது ஐம்பது ஆண்டு கழித்து.

2022 நவம்பரில் அந்தப் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் தியோ பேக்கர், முதலாண்டு மாணவர். இந்த முறையும் விஷயம் படங்கள்தான். பல்கலைக்கழகத் தலைவர் மார்க் டெஸ்ஸியர்-லவீன் பெயர்பெற்ற நரம்பியல் விஞ்ஞானி. அவர் பெயரும் சேர்ந்து வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளில், சோதனை முடிவுகளைக் காட்டும் சில படங்கள் முறைகேடாக மாற்றப்பட்டவை போலத் தெரிகின்றன என்ற சந்தேகம் முன்பே எழுந்திருந்தது. பேக்கர் அதை விடாமல் தோண்டினார், நிபுணர்களிடம் காட்டிக் கேட்டார், தொடர்ந்து எழுதினார். பல்கலைக்கழகம் விசாரணைக் குழு அமைத்தது. தலைவர் தாமே தரவுகளைத் திரிக்கவில்லை, ஆனால் தவறுகள் தெரிந்த பிறகு அவற்றைத் திருத்தப் போதிய அக்கறை காட்டவில்லை என்று குழு சொன்னது. இந்த இரண்டு பாதியையும் சேர்த்தே சொல்வதுதான் நியாயம். 2023 ஜூலை 19 அன்று, பதவி விலகப்போவதாக அவர் அறிவித்தார். அமெரிக்க இதழியலின் பெரிய விருதுகளில் ஒன்றான ஜார்ஜ் போல்க் விருது அந்த மாணவருக்குக் கிடைத்தது. பல்கலைக்கழகம் பணம் கொடுத்து நடத்தும் பத்திரிகையில், பல்கலைக்கழகத் தலைவரைப் பற்றி இப்படி ஒரு தொடர் வந்திருக்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை.

அதே கோடையில், ஆகஸ்ட் 11 அன்று, கான்சஸ் மாநிலத்தில் மேரியன் என்ற சின்ன ஊரின் வாரப் பத்திரிகை அலுவலகத்தில் போலீஸ் புகுந்தது. கணினிகளையும் கைபேசிகளையும் அள்ளிக்கொண்டு போனது. பத்திரிகை உரிமையாளர்களில் ஒருவரான 98 வயது அம்மையாரின் வீட்டிலும் சோதனை நடந்தது. மறுநாளே அவர் இறந்துபோனார். நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பியபோது பத்திரிகையாளர்களும் வழக்கறிஞர்களும் எடுத்துக் காட்டியது அந்த 1980ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான். சில நாட்களுக்குள் அரசு வழக்கறிஞர் சோதனை ஆணையைத் திரும்பப் பெற்றார். எடுத்துப்போன பொருட்கள் பத்திரிகைக்குத் திரும்பி வந்தன.

நன்றி, வணக்கம்.