திரையை விட்டுக் கல்லாவைப் பாருங்கள்

அனைவருக்கும் வணக்கம்.

நோட்டீஸில் "வீடியோ கேம்: பொழுதுபோக்கா, போதையா?" என்று போட்டிருக்கிறீர்கள். பட்டிமன்றத்துக்கு அளவெடுத்துத் தைத்த தலைப்பு. இரண்டு அணி பேசி, கடைசியில் நடுவர் "அளவோடு ஆடினால் நல்லது" என்று தீர்ப்புச் சொன்னால் எல்லோரும் நிம்மதியாக டீ குடிக்கப் போகலாம். எனக்கு அந்த வேலை வேண்டாம். இந்த மாதிரிக் கூட்டங்கள் இதற்கு முன் எங்கே எதைக் கோட்டை விட்டன என்று சொல்லத்தான் வந்தேன்.

இந்த வகைக் கூட்டங்களில் பேர்போனது 1993 டிசம்பர் 9 அன்று வாஷிங்டனில் நடந்த செனட் விசாரணை. ஜோசப் லீபர்மேன், ஹெர்ப் கோல் என்ற இரு செனட்டர்கள் முன்னின்று நடத்தினார்கள். கூண்டில் நின்றவை முக்கியமாக இரண்டு கேம்கள். 'மார்ட்டல் காம்பாட்'டில் தோற்றவனின் தலையை முதுகெலும்போடு பிடுங்கலாம். 'நைட் ட்ராப்' நிஜ நடிகர்களை வைத்துப் படம் பிடித்தது. ஒரு வீட்டில் தங்கியிருக்கும் பெண்களை முகமூடி ஆட்கள் தாக்குவார்கள். ஆடுபவரின் வேலை அந்தப் பெண்களைக் காப்பாற்றுவது. அந்த விவரம் அன்றைய ஆவேசத்தில் காணாமலே போய்விட்டது.

வேடிக்கை என்னவென்றால், சேகா, நின்டெண்டோ என்ற இரண்டு போட்டி கேம் நிறுவனங்களும் செனட்டர்கள் முன்னாலேயே ஒருவரையொருவர் போட்டுக் கொடுத்தார்கள். நின்டெண்டோவின் ஹோவர்ட் லிங்கன் தங்களை உத்தமர்களாகக் காட்டிக்கொண்டார். அவர்களுடைய 'மார்ட்டல் காம்பாட்'டில் ரத்தம் கிடையாது, வியர்வைதான் தெறிக்கும். சேகாவில் ஒரு ரகசியக் குறியீட்டை அழுத்தினால் ரத்தம் வரும். எது அதிகம் விற்றது என்று நான் சொல்ல வேண்டியதில்லை! சேகாவின் பில் வைட் சும்மா இருப்பாரா? நின்டெண்டோ விற்றுக்கொண்டிருந்த, தோளில் வைத்துச் சுடும் பொம்மைத் துப்பாக்கியை எடுத்துக் காட்டினார். இதற்கு என்ன பதில் என்று கேட்டார்.

விளைவு, 1994-இல் அமெரிக்க கேம் நிறுவனங்கள் தாங்களே ஓர் அமைப்பை ஏற்படுத்தி, பெட்டியின் மேல் வயது முத்திரை குத்த ஆரம்பித்தன. நல்லதுதான், இன்றுவரை இருக்கிறது. ஆனால் விசாரணைக்கு மறுநாள், டிசம்பர் 10-ஆம் தேதி, 'டூம்' என்ற கேம் வெளியானது. ரத்தம் அதிலும் ஆறாக ஓடியது. நான் பார்ப்பது வேறு ஒன்றை. அதன் முதல் பாகம் இலவசம். யார் வேண்டுமானாலும் நகல் எடுத்துக் கொடுக்கலாம். பிடித்துப்போனால் மீதியைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். செனட்டர்கள் திரையில் என்ன தெரிகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, கல்லாப்பெட்டி எப்படி இடம் மாறுகிறது என்று யாரும் கேட்கவில்லை.

சரி, தென் கொரியாவுக்கு வருவோம். அவர்கள் படத்தை விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பிடித்தார்கள். 2011-இல் ஒரு சட்டம்: 16 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை கணினியில் ஆன்லைன் கேம் ஆடக்கூடாது. பிள்ளைகள் என்ன செய்தார்கள்? அப்பா, அம்மாவின் அடையாள எண்ணைப் போட்டு உள்ளே போனார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் அப்பாவின் போனுக்கு வரும் ஓடிபியைப் பார்த்துப் போடுவது போலத்தான். அதற்குள் ஆட்டமெல்லாம் செல்போனுக்கு மாறிவிட்டது. சட்டம் அங்கே எட்டவே இல்லை. பத்து வருடம் வைத்துப் பார்த்துவிட்டு, 2021-இல் நீக்க முடிவு செய்தார்கள்.

அப்புறம் அதே கொரியா செய்ததுதான் எனக்குப் பிடித்தது. 'மேப்பிள்ஸ்டோரி' என்று ஒரு கேம். அதில் 'கியூப்' என்று ஒரு பொருள் காசுக்கு விற்கும். அதைப் பயன்படுத்தினால் ஆயுதத்துக்கு ஏதோ ஒரு சக்தி கிடைக்கும். எது என்பது அதிர்ஷ்டம். ஆடுபவர்களிடம் சொல்லாமலே அந்த கேமின் நெக்ஸான் நிறுவனம் நல்ல சக்தி விழும் வாய்ப்பைக் குறைத்திருந்தது. எல்லோரும் ஆசைப்பட்ட சில சேர்க்கைகள் விழவே விழாதபடி பூஜ்யமாக வைத்திருந்தது. எத்தனை பேர் 'இன்னொரு தடவை, இன்னொரு தடவை' என்று வாங்கியிருப்பார்கள்! 2024 ஜனவரியில் வர்த்தக ஆணையம் 1,160 கோடி வொன் அபராதம் போட்டது. அதே ஆண்டு மார்ச் முதல், இப்படிப்பட்ட பொருட்களுக்கு எத்தனை சதவீத வாய்ப்பு என்று கம்பெனி வெளிப்படையாகப் போட்டே ஆக வேண்டும் என்பது சட்டம்.

நம் பக்கம்? 2025-இல் தமிழ்நாடு அரசு, காசு வைத்து ஆடும் ஆன்லைன் கேம்களுக்கு நள்ளிரவு 12 முதல் 5 மணி வரை பூட்டுப் போட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் மத்திய அரசு அவற்றை மொத்தமாகவே தடை செய்து சட்டம் கொண்டுவந்தது. ரம்மியில் வீட்டைத் தொலைத்தவர்களின் கதை நமக்குத் தெரியும், அதனால் அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஜெயித்தால் காசு திரும்ப வராத கேம்கள் இந்தச் சட்டங்களின் குறி இல்லை. கேமுக்குள் செலவழிக்கக் காசு கொடுத்து வாங்கும் டயமண்ட் டாப்-அப், துப்பாக்கியின் தோற்றத்தை மாற்றும் ஸ்கின், அதிர்ஷ்டச் சக்கரம் போன்ற லக் ராயல் ஸ்பின், இதெல்லாம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. நம் வீட்டு எட்டாம் வகுப்பு இருப்பதும் அங்கேதான்.

பெற்றோர்களுக்கு ஒன்று. "சாப்பிட வா" என்று நீங்கள் கூப்பிடும்போது பையன் வராததற்குத் திமிர் மட்டும் காரணமில்லை. ஆன்லைன் மேட்சை நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. பப்ஜியின் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐயில் கடைசிவரை தாக்குப்பிடித்தால் ஒரு ஆட்டம் அரை மணி நேரம் போகும். பாதியில் எழுந்தால், அவனோடு ஒரே அணியில், அதாவது ஸ்குவாடில், ஆடும் மூன்று பேரும் மாட்டிக்கொள்வார்கள், நாளை பள்ளியில் ஏசுவார்கள். "எத்தனை மணிக்கு முடிப்பாய்?" என்று கேட்காதீர்கள். "இது எத்தனையாவது மேட்ச்?" என்று கேளுங்கள். "இதோடு போதும்" என்று பேரம் பேச ஒரு இடம் கிடைக்கும்.

அமைப்பாளர்களுக்கும் ஒரு விண்ணப்பம். அடுத்த கூட்டத்தில் என்னைப் போன்ற ஆட்களைக் கூப்பிட வேண்டாம். இதே புரொஜெக்டரில் ஒரு மாணவரை அவர் ஆடும் கேமைத் திறக்கச் சொல்லுங்கள். சண்டைக் காட்சிக்குப் போகும் முன் கடைப் பக்கத்தைக் காட்டட்டும். எது என்ன விலை, ஸ்பின்னில் எது விழ எத்தனை சதவீதம், அந்த எண்ணை எந்த மூலையில் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று அவரே விளக்கட்டும். அந்தப் பாடத்துக்கு அவர்கள்தான் வாத்தியார்.

கேள்விகளுக்குப் போவோம். பின்வரிசைத் தம்பிகளிடமிருந்து தொடங்கலாம், அவர்களுக்கு எட்டு மணிக்கு ஸ்குவாட் காத்திருக்கிறதாம்.