நாலு சக்கரத்தில் இரு சக்கரப் பழக்கம்

நேயர்களுக்கு வணக்கம்.

பெங்களூரில் பைக்கோ ஸ்கூட்டரோ ஓட்டத் தெரிந்த ஆள் இல்லாத வீடு அபூர்வம். அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம், ஆஸ்டின் டவுன் என்று நம்மவர்கள் நிறைய வாழும் பகுதிகளில் சந்து பொந்துகளில் ஓட்டியே கை பழகியிருக்கும். அதே கைப்பழக்கத்தோடு சனி, ஞாயிறில் கனகபுரா ரோடு பக்கமோ, ராமநகரா பக்கமோ, நந்தி மலை அடிவாரத்துக்கோ போய் ரிசார்ட்டில் ஏடிவி என்கிற, மேடு பள்ளத்தில் ஓடும் நாலு சக்கர வண்டியில் ஏறுகிறோம். "புல்லட்டே ஓட்டறேன், இது என்ன பெரிய விஷயம்" என்ற பேச்சும் கூடவே ஏறும். அந்த மாதிரி இடங்களில் வண்டி ஓட்ட வருகிறவர்களுக்கும், கூடவே வழிகாட்டிப் போகும் பையன்களுக்கும் பயிற்சி கொடுப்பது என் தொழில். புதிதாக ஓட்டுகிறவர்கள் பயந்து பயந்து மெதுவாகத்தான் போவார்கள். எனக்குக் கவலை தருகிறவர்கள் பைக்கில் நன்றாகக் கை தேர்ந்தவர்கள்தான்.

ஏடிவியில் பைக் மாதிரியே ஹேண்டில்பார் இருக்கிறது, இருபுறமும் கால் போட்டு உட்காரும் சீட் இருக்கிறது. அதனால் உடம்பு இதை பைக் என்றே நம்பிவிடுகிறது. ஆனால் வண்டி நடந்துகொள்ளும் விதம் முற்றிலும் வேறு. வண்டி சாயப் போகிறது என்று தோன்றினால் பைக்காரர் என்ன செய்வார்? யோசிக்காமல் காலைக் கீழே ஊன்றுவார். ஏடிவியில் அப்படி ஊன்றிய கால் மேல் பின் சக்கரம் ஏறிவிடும். கணுக்கால் முறிவதும், ஆளே வண்டிக்கு அடியில் இழுக்கப்படுவதும் இப்படித்தான் நடக்கிறது. என்ன ஆனாலும் இரண்டு காலும் ஃபுட்ரெஸ்ட்டை விட்டு இறங்கக் கூடாது. முதல் அரை மணி நேரம் இதை மட்டுமே நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். அப்படியும் கால் இறங்கத்தான் பார்க்கும், ஏனென்றால் அது பல வருஷப் பழக்கம்.

அடுத்தது ஆக்சிலரேட்டர். பைக்கில் அதை முறுக்குவோம். ஏடிவியில் பெரும்பாலும் வலது கட்டை விரலால் ஒரு சின்ன நெம்புகோலை அழுத்த வேண்டும். பள்ளத்தில் வண்டி தூக்கிப் போடும்போது மனிதன் ஹேண்டிலை இறுக்கிப் பிடிப்பது இயல்பு. இறுக்கிப் பிடித்தால் கட்டை விரலும் சேர்ந்து அழுத்தும். வண்டி நிற்க வேண்டிய நேரத்தில் பாய்ந்து ஓடும். அதனால்தான் பல வண்டிகளில் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள ஒரு சுருள் கயிறு வைத்திருக்கிறார்கள். ஆள் சீட்டை விட்டுத் தெறித்தால் அந்தக் கயிறு இழுபட்டு இன்ஜின் அணைந்துவிடும். நிறைய இடங்களில் அந்தக் கயிறு அறுந்து கிடக்கும், இல்லையென்றால் ஹேண்டிலிலேயே சுற்றி வைத்திருப்பார்கள். வண்டியில் ஏறியதும் அதைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள்.

திருப்பத்தையும் சொல்ல வேண்டும். பைக்கைத் திருப்பும்போது வண்டியே சாய்கிறது, நாமும் கூடச் சாய்கிறோம். ஏடிவி அப்படிச் சாயாது. அதனால் நம் உடம்பைத்தான் திருப்பத்தின் உள்பக்கம் நகர்த்த வேண்டும். நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தால் வண்டியின் எடை வெளிப்பக்கம் போய், உள்பக்கச் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பும். பெரிய வண்டிகள் 300 கிலோவுக்கும் மேல் எடை இருக்கும். அகலம் குறைவு, நீளம் குறைவு, கனம் முழுக்க உயரத்தில். கவிழ்வதற்கு ரொம்ப வேகமும் தேவையில்லை.

இப்போது இந்த வண்டியின் சீட்டைப் பாருங்கள், நீளமாக இருக்கும். "ரெண்டு பேர் தாராளமா உக்காரலாம்" என்று நினைத்து அப்பா ஓட்ட, அம்மா பின்னால், குழந்தை முன்னால் என்று போகிறோம். ரிசார்ட்டுக்காரர்களும் தடுப்பதில்லை, சில இடங்களில் அவர்களே ஏற்றி விடுகிறார்கள். அந்த நீளம் இன்னொருவருக்காக விட்டது கிடையாது. மேட்டில் ஏறும்போது ஓட்டுகிறவர் முன்னால் நகர வேண்டும், இறங்கும்போது பின்னால் நகர வேண்டும், சரிவில் குறுக்காகப் போனால் மேட்டுப் பக்கமாக நகர வேண்டும். இந்த நகர்வுக்குத்தான் அவ்வளவு இடம். பின்னால் ஒருவர் உட்கார்ந்துவிட்டால் ஓட்டுகிறவரால் அசையவே முடியாது. அதுவும் மேடு ஏறும்போது பின்னால் இருப்பவரின் எடை சேர்ந்து, முன்சக்கரம் தூக்கி, வண்டி பின்பக்கமாகவே புரண்டு ஆள் மேல் விழலாம். இரண்டு பேருக்கென்றே செய்த மாடல்கள் உண்டு. அவற்றில் சக்கரங்களுக்கு இடையே தூரம் அதிகம், பின்சீட் தனியாக, கைப்பிடியோடு இருக்கும். அப்படி இல்லாத வண்டியில் ஒருவர்தான் போக வேண்டும்.

கவிழ்ந்தால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். ஹெல்மெட் போட்டால் போதும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஹெல்மெட் தலையைக் காக்கும், அதில் சந்தேகமே இல்லை. ஐஎஸ் 4151 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள, முகத்தையும் மூடுகிற ஹெல்மெட்டை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். பல பேர் மாட்டித் தளர்ந்துபோன, கொக்கி உடைந்த ஹெல்மெட் தலையில் நிற்காது. ஆனால் 300 கிலோ வண்டி நெஞ்சின் மேல் உட்கார்ந்துவிட்டால் எலும்பு ஒன்றும் முறியாமலேயே மூச்சு நின்றுபோகும். நெஞ்சு விரிய இடம் இல்லாததுதான் காரணம். ஆஸ்திரேலியாவில் பண்ணைகளில் இப்படி விவசாயிகள் தொடர்ந்து இறந்தார்கள். அதனால் 2021 அக்டோபர் 11 முதல் அங்கே விற்கும், பண்ணை வேலை மாதிரிப் பொது உபயோகத்துக்கான புது ஏடிவி ஒவ்வொன்றிலும், வண்டி கவிழ்ந்தால் ஆளுக்குக் கொஞ்சம் இடம் விடுகிற மாதிரி பின்பக்கம் ஒரு தடுப்புக் கம்பிச் சட்டகம் இருந்தே ஆக வேண்டும் என்று விதி வந்தது. சில பெரிய கம்பெனிகள் அதை ஏற்காமல் அந்தச் சந்தையை விட்டே போய்விட்டன. அரசு அதற்கும் அசையவில்லை. எனக்கு அந்தப் பிடிவாதம் மிகவும் பிடிக்கும். அந்தச் சட்டகம் பொருத்திய வண்டிகள் நம் ஊர் ரிசார்ட்டுகளிலும் வர வேண்டும் என்று நான் பார்க்கிற முதலாளியிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அமெரிக்கக் கதையும் இதே போலத்தான். 1970இல் ஹோண்டா அங்கே மூன்று சக்கர வண்டியைக் கொண்டுவந்தது. பெரிய, மெத்தென்ற டயர்கள், பார்க்கவே விளையாட்டுச் சாமான் மாதிரி. குழந்தைகளும் பெரியவர்களும் அதில் கவிழ்ந்து செத்தும் முடமாகியும் போன பிறகு, 1988இல் அரசுக்கும் கம்பெனிகளுக்கும் ஏற்பட்ட உடன்பாட்டில் மூன்று சக்கர வண்டி விற்பனை நின்றது. நாலு சக்கரம் வந்ததும் ஆபத்து போய்விட்டது என்று யாரும் சொல்லவில்லை. அந்த நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் சங்கம், 16 வயதுக்குக் கீழே யாரும் ஏடிவி ஓட்டவும் கூடாது, ஏறவும் கூடாது என்று இன்றுவரை சொல்லி வருகிறது.

இது நம் வீடுகளுக்கு நேராகப் பொருந்துகிற விஷயம். பிறந்தநாள் பரிசாக 49 சிசி, 110 சிசி குட்டி ஏடிவிகளை வாங்கிக் கொடுக்கும் பழக்கம் பெங்களூரில் பரவிவிட்டது. லேஅவுட் தெருவில் எட்டு வயதுப் பையன் ஓட்டுவான், அப்பா மொபைலில் படம் எடுப்பார். "சின்ன இன்ஜின்தானே, லைசென்ஸ் வேண்டாம்" என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் இன்ஜின் சின்னது என்பதற்காகக் கிடைக்கும் விலக்கு, நாலு சக்கரத்துக்குக் குறைவான, 25 சிசிக்கு மிகாத வண்டிக்குத்தான். நாலு சக்கர ஏடிவிக்கு அது கிடையாது. பதிவு இல்லாத மோட்டார் வண்டியைப் பொது இடத்தில் ஓட்டவே கூடாது. பொது இடம் என்றால் தார் ரோடு மட்டும் என்று நினைக்க வேண்டாம், பொதுமக்கள் போகவர உரிமை உள்ள எந்த இடமும் அதில் சேரும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

ரோட்டில் ஓட்டக் கூடாது என்பதற்குச் சட்டம் தவிர இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்த டயர்களில் காற்றழுத்தம் பெரும்பாலும் 7 பிஎஸ்ஐக்கும் கீழேதான் இருக்கும், கார் டயரில் 30க்கு மேல். மண்ணிலும் கல்லிலும் மடங்கிக் கொடுத்துப் பிடிப்பதற்காக அவ்வளவு தளர்வு. அதோடு பல மாடல்களில், முக்கியமாகக் குழந்தைகள் வண்டிகளில், பின் சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் ஒன்றாகச் சுற்றும். திருப்பத்தில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்சக்கரம் குறைவாக ஓட வேண்டும். மண்ணில் என்றால் ஒன்று வழுக்கிச் சரிக்கட்டிக்கொள்ளும். தாரில் வழுக்காது. வண்டி திரும்ப மறுத்து நேராகப் போகும், இல்லையென்றால் சட்டென்று கவிழும். ரிசார்ட்டிலிருந்து டிராக்குக்குப் போக நடுவில் 200 மீட்டர் தார் ரோடு இருந்தால்கூட நான் வண்டியை ஊர்ந்து போகச் சொல்வேன். நம் நாட்டில் போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 570 என்ற மாடலை டிராக்டர் வகையில் அங்கீகாரம் வாங்கி விற்றார்கள், அதை ரோட்டில் ஓட்டலாம். அதைப் பார்த்துவிட்டு எல்லா ஏடிவியும் ரோட்டில் போகலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, ரோடு இல்லையென்றால் காடும் ஏரியும் இருக்கிறதே என்று சிலர் கிளம்புகிறார்கள். பன்னேர்கட்டா ஓரம், ராமநகராவில் 2012இல் பிணந்தின்னிக் கழுகுகளுக்காகவே சரணாலயம் ஆக்கிய ராமதேவர பெட்டா, இங்கெல்லாம் அனுமதி இல்லாமல் வண்டியோடு நுழைவது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அதைவிட எனக்கு மனசு வலிப்பது ஹெசரகட்டாவை நினைத்து. பெங்களூருக்குக் குடிநீர் கொடுக்க 1894இல் அர்க்காவதி ஆற்றில் கட்டிய ஏரி அது. வற்றிய ஏரிப் படுகையும் பக்கத்துப் புல்வெளியும் வெறும் காலி நிலம் என்று நினைத்து வண்டிகளை விட்டு உழுகிறார்கள். வானம்பாடியும் ஆள்காட்டியும் மரத்தில் கூடு கட்டுவதில்லை. புல்லுக்கு நடுவே, தரையிலேயே முட்டை இடும். அந்த முட்டை மண் நிறத்திலேயே இருப்பதால் வண்டியில் போகிறவர் கண்ணில் படவே படாது. ஒரு தடவை டயர் ஏறிப் போனால் கூடு முழுக்கப் போச்சு. தயவுசெய்து உரிமையாளர் அனுமதியோடு நடக்கும் டிராக்கில் மட்டும் ஓட்டுங்கள்.

டிராக்கிலும் கேள்வி கேட்டுவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். மத்திய சுற்றுலா அமைச்சகம் 2018இல் வெளியிட்ட சாகசச் சுற்றுலா வழிகாட்டி நெறிகளில் ஏடிவிக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. அதை அவர்கள் படித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். வண்டியில் ஏற்றுமுன் சமதரையில் கொஞ்சம் ஓட்டிப் பழக விடுவார்களா? முதலுதவி தெரிந்த ஆள் இருக்கிறாரா? "எது நடந்தாலும் என் பொறுப்பு" என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு பிரேக் பிடிக்காத வண்டியைக் கொடுக்க யாருக்கும் உரிமை வந்துவிடாது. சேவையில் குறை இருந்தால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.

ஆபீஸ் டீம் அவுட்டிங் போகிறவர்கள் ஏடிவியை மத்தியானச் சாப்பாட்டுக்கும் பீருக்கும் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டாம். துப்பட்டாவும் சேலைத் தலைப்பும் பின் சங்கிலியிலோ அச்சிலோ சிக்கினால் கழுத்தை இறுக்கிவிடும். தலைமுடியைக் கட்டி ஹெல்மெட்டுக்குள் விட்டுக்கொள்ளுங்கள். கணுக்காலை மூடும் ஷூ, முழுக்கால் பேன்ட் கட்டாயம். இந்தப் பக்கத்துச் செம்மண் வெயிலில் புழுதியாகப் பறந்து முன்னால் போகும் வண்டியையே மறைக்கும், ஒரு மழை பெய்தால் சோப்பு போட்டது போல வழுக்கும். புழுதி அடங்கி, முன்வண்டி தெரிகிற தூரத்தில்தான் பின்வண்டி போக வேண்டும். ரேஸ் விடுவதெல்லாம் அங்கே வேண்டவே வேண்டாம்.

மேடு ஏறும்போது வண்டி பாதியில் நின்றுவிட்டால் பிரேக்கைப் பிடித்தபடியே பார்க்கிங் பிரேக்கைப் போட்டுவிட்டு, மேட்டுப் பக்கமாக இறங்குங்கள். பள்ளத்துப் பக்கம் இறங்கினால் வண்டி உங்கள் மேல்தான் வரும்.

தனியாக ஒருபோதும் போகாதீர்கள், ஏனென்றால் வண்டிக்கு அடியில் மாட்டிய ஆள் தானாக வெளியே வர முடியாது. கூடப் போனவர்கள் முதலில் இன்ஜினை அணைக்க வேண்டும். ஆளை இழுக்கக் கூடாது. இரண்டு மூன்று பேர் சேர்ந்து வண்டியைத் தூக்கி நெஞ்சிலிருந்து பாரத்தை எடுக்க வேண்டும், அதுதான் மூச்சைக் கொடுக்கும். மூச்சு சீராக இருந்தால் ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள், கழுத்தை அசைக்காதீர்கள், உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்காதீர்கள். 108க்கோ 112க்கோ போன் போடுங்கள். ரிசார்ட் பெயரைச் சொன்னால் ஆம்புலன்ஸ் டிரைவருக்கு வழி தெரியாமல் போகலாம். கிராமத்தின் பெயரையும், மெயின் ரோட்டிலிருந்து எந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். அந்தத் திருப்பத்தில் ஒருவரைப் போய் நிற்கச் சொல்லுங்கள். அந்த விவரங்களை வண்டியில் ஏறும் முன்பே உங்கள் போனில் எழுதி வைத்திருந்தால், பதற்றத்தில் தேட வேண்டியிருக்காது.

நன்றி, வணக்கம்.