மரக்கன்று இருக்கட்டும், மனுவை எழுதுவோம்

மேலூர் வட்டத்துக் கிராமம் ஒன்றில் நாட்டு நலப்பணித் திட்ட முகாம். அங்கே ஓர் இரவு ஊர் மந்தையில் பட்டிமன்றம் நடந்தது. தலைப்பு: 'கல்லூரி மாணவர் ஊருக்குத் தர வேண்டியது உடலுழைப்பா, உரிமைக்குத் துணையா?' 'உரிமைக்குத் துணையே' அணியில் பேசிய மாணவியின் உரை இது.

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணன்மார்களே, சீரியலை விட்டுவிட்டு மந்தைக்கு வந்து உட்கார்ந்திருக்கிற அப்பத்தாக்களே, ஐயாக்களே, வணக்கம்.

எதிரணித் தலைவர் ஒரு பட்டியல் வாசித்தார். கண்மாய்க் கரையில் சீமைக் கருவேல் வெட்டினோம், பள்ளிக்கூடச் சுவருக்கு வெள்ளையடித்தோம், கோயிலைச் சுற்றி மரக்கன்று நட்டோம், கண்ணுக்குத் தெரிகிற வேலை இதுதான் என்றார். மனு எழுதுவதும் ஆபீஸ் ஏறி இறங்குவதும் கட்சிக்காரர்கள் வேலை என்றார். கைதட்டல் வாங்கினார். நானும்தான் தட்டினேன். அவர் உள்ளங்கையில் இருக்கிற கொப்புளம் நிஜம், அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அண்ணே, சீமைக் கருவேலைத் தூரோடு பிடுங்காமல் வெட்டினால் என்ன ஆகும் என்று இங்கே உட்கார்ந்திருக்கிற எந்தச் சம்சாரியை வேண்டுமானாலும் கேளுங்கள். ஒரு மழை போதும், வெட்டின இடத்திலிருந்தே நாலாகக் கிளைத்து வரும். நம் கையில் இருந்தது அரிவாள், ஜேசிபி இல்லை. ஆக, அடுத்த வருட முகாமுக்கும் இப்போதே வேலை தயார். மரக்கன்று விஷயம் இன்னும் மோசம். நாம் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிவிடுவோம். திங்கட்கிழமை தண்ணீர் ஊற்றுவது யார்?

சரி, அந்தக் கண்மாய் யார் பொறுப்பில் இருக்கிறது? ஆயக்கட்டு, அதாவது அதில் பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் இருந்தால் நீர்வளத் துறை. அதற்குக் குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியம். இந்த ஒரு விவரம் தெரியாமல்தான் பல ஊர்களில் ஒரே மனு இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என்று அலைகிறது. யாருடைய கண்மாய் என்று கண்டுபிடித்து, கரை அளவையும் மடை நிலைமையையும் எழுதி, உரிய ஆபீசில் கொடுத்து ரசீது வாங்குவதற்கு ஒரு நாள் போதும். பதில் வரவில்லையா, மனு என்ன ஆனது என்று கேட்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் இருந்து இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். ஜேசிபி அப்படித்தான் வரும். அரிவாளைப் பார்த்து வராது.

வெட்டு வேலை நடந்தபோது வடக்குத் தெரு அப்பத்தா ஒருவர் மோர் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு, "எங்கண்மாய வெட்டுறது இருக்கட்டும் தாயி, எம்பென்சன் ஏன் நின்னுபோச்சுன்னு யாராச்சும் படிச்சுச் சொல்லுங்களேன்" என்றார். முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். நமக்கு அது ஒரு ஷூ விலை. அவருக்கு மாத்திரை, அரிசி, பேரனுக்கு மிட்டாய் எல்லாமே அதில்தான். பாஸ்புக்கை வாங்கிப் பார்த்தோம். பணம் மாதாமாதம் வந்துகொண்டிருந்து திடீரென்று நின்றிருக்கிறது. வங்கியில் போய் விசாரித்தால், ஆதாரை மறுபடி சரிபார்க்காததால் கணக்கு முடங்கிக் கிடக்கிறது. அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. குறுஞ்செய்தி அனுப்பினார்களாம். அப்பத்தாவிடம் போனே கிடையாது! எங்களுக்கு ஆன செலவு ஆட்டோவும் ஒரு காலை நேரமும். இந்த வேலைக்குப் போட்டோ எடுக்கக்கூட எதுவும் இல்லை என்பதுதான் எதிரணிக்கு வருத்தமோ என்னவோ.

வரலாறு வேண்டும் என்று நடுவர் கேட்டார். தூரமாகப் போக வேண்டாம், தும்பைப்பட்டி பக்கத்தில்தான் இருக்கிறது. 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள், அதுவரை வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் நுழைந்தார்கள். தாழ்த்தப்பட்ட சமூகத்தவர் ஐந்து பேர், நாடார் சமூகத்தவர் ஒருவர். அந்த ஐந்து பேரில் தும்பைப்பட்டி கக்கன் ஒருவர். பிற்பாடு இந்த மாநிலத்துக்கே உள்துறை அமைச்சராக இருந்தாரே, அதே கக்கன்தான். முன்னால் நின்றவர் வைத்தியநாத ஐயர், மதுரை வக்கீல். அவர் நினைத்திருந்தால் வருடா வருடம் சேரியில் வேட்டி, சேலை கொடுத்துவிட்டு நல்ல மனிதர் என்று பேர் வாங்கியிருக்கலாம். ஒருத்தரும் அவரைத் திட்டியிருக்க மாட்டார்கள். அவர் தெற்குக் கோபுர வாசலுக்குப் போனார், ஏச்சும் எதிர்ப்பும் வாங்கினார். கோயில் நுழைவுக்கான சட்டப் பாதுகாப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. எல்லாரும் அவர் 'கூட்டிக்கொண்டு போனார்' என்று சொல்கிறோம். அது எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் போனார்கள், இவர் கூட நின்றார். எங்கள் அணி 'துணை' என்று சொல்வது அவ்வளவுதான்.

எல்லா உரிமைக்கும் கோபுர வாசல் வரை போக வேண்டியதில்லை. பரீட்சை ஹாலிலும் அது இருக்கிறது. பார்வையற்ற மாணவர் தேர்வு எழுதும்போது அவர் சொல்லச் சொல்ல எழுத ஒரு ஆள் வேண்டும். ஸ்க்ரைப் என்பார்கள். தேர்வு சமயத்தில் மதுரையில் அதற்கு ஆள் தேடிப் பிள்ளைகள் படுகிற பாடு கொஞ்சமில்லை. அவர்களுக்கு மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு. மூன்று மணி நேரத் தேர்வு என்றால் நாலு மணி நேரம். எழுதப் போகிற நமக்கு இது தெரிந்திருந்தால், கண்காணிப்பாளர் தாளைப் பிடுங்க வரும்போது, "சார், இன்னும் நேரம் இருக்கிறது" என்று சொல்லலாம். தெரியாவிட்டால் நாமும் எழுந்து வந்துவிடுவோம். கை வலிக்க எழுதுவதும் உடலுழைப்புதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த மாணவருக்குப் பயன்பட்டது நம் கை மட்டும் இல்லை, நம் வாயும்தான்.

அடுத்து, அரசியல் என்ற குற்றச்சாட்டு. கிராம சபை இங்கே வருடத்துக்கு ஆறு முறை கூட வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வெளியூர்ப் பிள்ளைகளான நமக்கு அதில் ஓட்டுக் கிடையாது, இருக்கவும் கூடாது. ஆனால் அங்கே வைக்கிற வரவு செலவுக் கணக்கை ஒரு பி.காம். மாணவி இந்த ஊர் அக்காக்களோடு உட்கார்ந்து முந்தின நாளே படித்துப் பார்க்கலாமே? கேள்வி கேட்பது அக்கா வேலை. இதில் எந்தக் கட்சி இருக்கிறது?

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் தம்பி ஒன்று கேட்டார். அதுதான் இன்று இரவின் நல்ல கேள்வி. "நீங்களே மனு எழுதிக் கொடுத்தால், நீங்கள் போனபிறகு இவர்கள் யாரிடம் போவார்கள்?" என்றார். நியாயம். அதனால்தான் நாங்கள் எழுதும்போது பக்கத்தில் இந்த ஊர்ப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை உட்கார வைத்திருக்கிறோம். பழங்குடியினர் சாதிச் சான்றிதழ் தாசில்தார் தருவதில்லை, கோட்டாட்சியர்தான் தர வேண்டும் என்று அதில் ஒரு பெண் நேற்று எங்களுக்கே சொல்லிக்கொடுத்தாள். அவள் அண்ணனுக்காக அலைந்து தெரிந்துகொண்டாளாம். நமக்கு இரண்டு வருடத்தில் 240 மணி நேரச் சேவை முடிந்தால் நாட்டு நலப்பணித் திட்டச் சான்றிதழ் வந்துவிடும். அவள் அண்ணனுக்குச் சாதிச் சான்றிதழ் இன்னும் வரவில்லை. தம்பி, உங்கள் மண்வெட்டி அவனுக்கு எதைத் தோண்டிக் கொடுக்கும்?

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், தெரிகிறது. ஒரு அறிவிப்பு மட்டும். காலை எட்டு மணியிலிருந்து பள்ளிக்கூடத் திண்ணையில் உட்கார்ந்திருப்போம். ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக், பழைய மனு ரசீது இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள், அதற்குள் எழுதி முடிக்க வேண்டும். எதிரணித் தலைவருக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கொப்புளம் ஆறியிருந்தால் அவரையும் அனுப்பி வையுங்கள். வணக்கம்.