பூசணிக்காயும் பாட்டுக் குழுவும்

(பிப்ரவரி 4, உலகப் புற்றுநோய் நாளன்று புதுக்கோட்டையில் பேசியது. கேட்டவர்கள் சிலர் விரும்பியதால் எழுதித் தருகிறேன்.)

பெருமதிப்புக்குரிய அவைத் தலைவர் அவர்களே, நகர்மன்றத் தலைவர் அவர்களே, வாடகை வாங்காமல் ஒலிபெருக்கி தந்திருக்கும் வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, ஆறு மணிக்குப் பிறகும் நமக்காகக் கூடத்தைத் திறந்து வைத்திருக்கும் நூலகர் அவர்களே, இன்னொரு கூட்டத்திலிருந்து நேராக வந்திருப்பதாக என்னிடம் இரண்டு முறை சொன்ன சுகாதாரத் துறை அலுவலர் அவர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, வணக்கம். முதல் வரிசையில் என் பழைய மாணவர் ஒருவர் அமர்ந்திருக்கிறார். இன்று அவரே தலைமையாசிரியர். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் பழக்க தோஷத்தில் எழுந்து நின்றுவிடுவார்.

பொன்னாடை போர்த்தினீர்கள், நன்றி. பருத்தித் துண்டு போதும் என்று அழைப்பிதழ் கொடுக்க வந்தவர்களிடமே சொல்லியிருந்தேன். போகட்டும்.

என்னிடம் படித்தவர்களுக்கு ஒரு பழமொழி மறந்திருக்காது. வீட்டுப்பாடம் எழுதாமல் வந்து வயிற்றுவலி என்கிறவனிடம் சொல்வேன்: "முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே." அது என்னுடைய சரக்கு அல்ல. என் அக்கா சொல்லிச் சொல்லி என் நாக்கில் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் அதைப் பலமுறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பாடகர் குழுவின் ஓர் ஆண்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பாட்டு உடம்பை என்ன செய்கிறது, பாட்டு ஓர் ஊரை என்ன செய்கிறது, பாட்டுக்கும் தாய்மொழிக்கும் என்ன உறவு என்று மூன்று செய்திகள்.

என் மகள் பிரிட்டனில், கார்டிஃப் நகரில் மருத்துவர். 2018 செப்டம்பரில் அவளிடம் போனேன். விசா ஆறு மாதத்துக்குத்தான். ஆகவே ஆண்டின் முதல் பாதியை நான் கண்ணால் பார்த்தேன். மறுபாதியை வாட்ஸ்அப்பில் பார்த்தேன். கார்டிஃப் இங்கிலாந்து அல்ல, வேல்ஸ். இதை அங்கே மாற்றிச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். சொல்லிப் பட்டவள் நான். மொத்தமே முப்பது லட்சம் பேர் வாழும் நாடு. தனி மொழி உண்டு. நிலக்கரி தோண்டிய ஊர்கள், ஊருக்கு ஊர் தேவாலயம், தேவாலயத்துக்கு ஒரு பாட்டுக் குழு. கோடு போட்ட இசைத்தாள் படிக்கத் தெரியாத சுரங்கத் தொழிலாளிகள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜான் கர்வன் பரப்பிய சோல்-ஃபா முறையில், நம் ச ரி க ம போல எழுத்துகளை வைத்தே நான்கு குரல் பாட்டைக் கற்றுக்கொண்டார்கள். பாட்டின் நாடு என்றே தங்கள் நாட்டைச் சொல்லிக்கொள்கிறார்கள்.

அங்கே டெனோவஸ் என்றொரு புற்றுநோய் அறக்கட்டளை. அது பிறந்த கதையை வணிகர் சங்கத் தலைவர் கவனித்துக் கேட்க வேண்டும். 1943, போர்க்காலம். கார்டிஃபில் மருத்துவமனையில் கிடந்த ஒரு நண்பரைப் பார்க்கப் போன வணிகர்கள், நோயாளிகள் படுத்தபடியே வானொலி கேட்கக் காதில் மாட்டும் கருவிகள் வாங்கிக் கொடுத்தார்கள். அவரோடு சேர்த்து மொத்தம் பத்துப் பேர். "நாங்கள் பத்துப் பேர்" என்பதன் ஆங்கிலத்தைச் சேர்த்து எழுதினால் டெனோவஸ். நம் ஊரில் வணிகர்கள் பத்துக்கு மேலேயே இருக்கிறார்கள். இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

2010-இல் அந்த அறக்கட்டளை பாடகர் குழு ஒன்றைத் தொடங்கியது. பிறகு ஊர் ஊராகக் கிளைத்தது. நோயாளி வரலாம், பிழைத்தவர் வரலாம், பார்த்துக்கொள்கிறவர் வரலாம், பறிகொடுத்தவரும் வரலாம். குரல் தேர்வு கிடையாது. என் மகள் பறிகொடுத்தவர்கள் வரிசையில் சேர்ந்திருந்தாள். யாரைப் பறிகொடுத்தாள் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் நாள் மாலை ஒரு பழைய கூடத்துக்குப் போனோம். நான் சேலைக்கு மேல் மருமகனின் ஸ்வெட்டர் போட்டு, காலுறையோடு செருப்பு மாட்டியிருந்தேன். எல்லாரும் எழுந்து நின்று உதடுகளைத் துடிக்கவிட்டு "பிர்ர்ர்" என்று பஸ் எஞ்சின் மாதிரி சத்தம் போட்டார்கள். குரலைத் தயார் செய்கிறார்களாம். முப்பத்து நான்கு ஆண்டுகள் பிள்ளைகளை வாய்பொத்தி உட்கார வைத்தவள் நான். பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியவர், என் பக்கம் திரும்பி "கருவாடு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. குளித்துவிட்டுத்தானே வந்தோம் என்று நினைத்தேன். மகள் காதோடு சொன்னாள்: "அம்மா, அது கரியாட். வேல்ஸ் மொழியில் 'அன்பே' என்று அர்த்தம்." அன்றிலிருந்து ஆறு மாதம் நான் அவருக்குக் கருவாடு, அவர் எனக்குக் கருவாடு.

அவருக்கு இடது மார்பகத்தை எடுத்திருந்தார்கள். ரவிக்கைக்குள் சிலிக்கானில் செய்த ஒன்றை வைத்துக்கொள்வார். டிசம்பரில் சந்தைத் தெருவில் நின்று கிறிஸ்துமஸ் பாட்டுகள் பாடி, வாளி வைத்து நிதி திரட்டினோம். நல்ல காற்று. பாட்டுத் தாள்கள் பறக்காமல் துணி உலர்த்தும் கிளிப்புகளை மாட்டியிருந்தோம். குழுவை நடத்தும் பெண்ணின் தாளுக்கு மட்டும் கிளிப் போதவில்லை. இரண்டாவது பாட்டின் நடுவில் தாள் மேலே எழும்பியது. நம் கருவாடு பாடிக்கொண்டே கழுத்து வழியாகக் கையை விட்டார், அதை வெளியே எடுத்தார், தாளின் மேல் பொத்தென்று வைத்தார். பாட்டு ஓர் எழுத்துக்கூட நிற்கவில்லை. வேடிக்கை பார்த்த ஒரு பையன் "அது என்ன?" என்று கேட்டான். பாட்டு முடிந்ததும் அவர் சொன்னார்: "என் மார்பு, தம்பி. காற்றுக்கு இதைவிடக் கனமானது என்னிடம் இல்லை." தெருவே சிரித்தது. வாளியில் நோட்டு விழுந்தது. (இங்கேயும் பெண்கள் பக்கம் சிரிப்பு கேட்கிறது. ஆண்கள் ஏன் கூரையைப் பார்க்கிறீர்கள்?)

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தலை குனிந்து நின்றேன். அடுத்த இரண்டு பாட்டுக்கும் வாயைத்தான் அசைத்தேன். அக்கா நினைவு வந்துவிட்டது.

அதற்கு முன் ஆண்டை முடித்துவிடுகிறேன். ஜனவரியில் வருகை குறைந்தது. குளிரும் உண்டு, மருந்து ஏற்றிக்கொள்ளும் நாள்களும் உண்டு. மார்ச் 1 அவர்களுடைய புனிதர் டேவிட் நாள். சட்டையில் மஞ்சள் பூ குத்திக்கொண்டு பாடினோம். அடுத்த நாள் எனக்கு விமானம். மார்ச் 16-இல் வேல்ஸ் ரக்பியில் அயர்லாந்தை வென்றது. அந்த வாரப் பயிற்சியில் பாட்டைவிடக் கூச்சல்தான் அதிகம் என்று மகள் எழுதினாள். கோடையில் ஒரு கச்சேரி. ஆகஸ்டில் விடுமுறை. அந்த ஆண்டில் மூன்று பேர் தவறிப்போனார்கள். அவர்களில் ஒருவருக்காக அடக்க நிகழ்ச்சியில் குழு முழுவதும் நின்று பாடியது.

ஒன்றை மட்டும் அருகில் வைத்துக் காட்ட வேண்டும். சேர்ந்த அன்று எனக்கு ஒரு நீலக் கோப்பு தந்தார்கள். பழையது. பாட்டுத் தாள்களில் ஆங்காங்கே பென்சிலால் சின்னச் சின்ன 'வி' போட்டிருந்தது. மூச்சு வாங்க வேண்டிய இடங்களாம். போட்டவர் முந்தைய வசந்தத்தில் இறந்த ஒருவர். குடும்பத்தார் கோப்பைத் திருப்பித் தந்திருக்கிறார்கள். அவருக்கு நுரையீரலில் நோய். அதனால் மற்றவர்கள் ஒரே மூச்சில் பாடும் வரியில் அவர் மூன்று இடத்தில் 'வி' போட்டிருந்தார். கடைசிப் பாட்டில் நான்கு. ஆறு மாதமும் நான் அவர் நின்ற இடத்தில் நின்றுதான் மூச்சு வாங்கினேன்.

இனி உடம்பு. அந்தக் குழுக்களில் ஐந்தை எடுத்துக்கொண்டு, லண்டனின் ராயல் இசைக் கல்லூரி ஆய்வாளர்கள் அறக்கட்டளையோடு சேர்ந்து செய்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. 193 பேர். பாடுவதற்கு முன் எச்சில், எழுபது நிமிடம் பாடிய பிறகு எச்சில். நாம் வெற்றிலை எச்சிலைச் சுவரில் துப்புகிறோம், அவர்கள் குழாயில் பிடித்துப் படிக்கிறார்கள். மன அழுத்தத்தோடு வரும் கார்டிசால் குறைந்திருந்தது. நோயெதிர்ப்போடு தொடர்புடைய சைட்டோகைன்கள் கூடியிருந்தன. மனச்சோர்வு மிகுந்தவர்களுக்கே மனநிலையில் மிகுந்த மாற்றம். பாடினால் கட்டி கரையும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. நாளைக்கே யாராவது ராகத்தால் புற்றுநோய் தீரும் என்று பலகை மாட்டினால் முதலில் அதைக் கழற்றப் போகிறவள் நான்தான்.

இப்போது அக்கா. அவருக்கும் முதலில் பட்டாணி அளவில்தான் இருந்தது. பதினொரு மாதம் முந்தானைக்குள் வைத்திருந்தார். ஊருக்கெல்லாம் பூசணிக்காய்ப் பழமொழி சொன்ன அக்கா! ரவிக்கையில் ஈரத்தைக் கண்டு மருமகள் கேட்டபோதுதான் வெளியே வந்தது. எல்லாம் கடந்துவிட்டது. 2017-இல் போய்ச் சேர்ந்தார். என் மகளை வளர்த்தது அவர்தான். நான் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக மாற்றலில் அலைந்தவள். கடைசி நாள்களில் ஒருநாள் கேட்டேன்: "ஏன் அக்கா சொல்லவில்லை?" அவர் சொன்னார்: "சொல்லாமல் என்ன? ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்க்கிறார்கள் என்று தெரிந்து முதல் மாதமே போனேன். ரவிக்கையை அவிழ்க்கச் சொன்னார்கள். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. திரும்பி வந்துவிட்டேன்."

எந்த நிலையம் என்று சொல்லப் போவதில்லை. ஆனால் ஊருக்குத் திரும்பியதும் நானே போய்ப் பார்த்தேன். மருந்துப் பெட்டிகள் அடுக்கிய அறை. கதவு உண்டு. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு திருகாணித் துளைகள் உண்டு. செவிலியர் நல்ல பெண். ஒரு காலால் கதவை அழுத்திக்கொண்டே என்னிடம் பேசினார். பேசும்போதே ஓர் ஆள் சீட்டு கேட்டுத் தலையை நீட்டினார்.

வேல்ஸில் ஐம்பது வயதான பெண்களுக்கு வீட்டுக்கே கடிதம் வருகிறது, வண்டியே ஊருக்கு வருகிறது. நம்மிடமும் திட்டம் இருக்கிறது. முப்பது வயதைக் கடந்த பெண்களுக்கு மார்பகம், கருப்பை வாய், வாய் ஆகிய மூன்றையும் அரசு காசு வாங்காமல் பார்க்கிறது. கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒரு நிமிடம் என்ன செய்யும் என்பதை இதோ பக்கத்துத் திண்டுக்கல் மாவட்டத்துப் பெண்கள்தான் உலகத்துக்குக் காட்டினார்கள். 2007-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது: செவிலியர்கள் ஒரே ஒரு முறை பார்த்ததிலேயே கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்தது. ஆய்வு நம்முடையது, செவிலியர் நம்முடையவர், அமிலம் நம்முடையது. தாழ்ப்பாள் மட்டும் இல்லை.

இந்த ஊரில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1954-இல் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு மருத்துவமனை தொடங்கினார். அவர் இங்கே மகாராஜா கல்லூரியில் படித்தபோது ஆண் பிள்ளைகள் பார்க்காதபடி திரை கட்டினார்கள். படிக்கிற பெண்ணை மறைக்க அன்று திரை கட்டத் தெரிந்த ஊருக்கு, இன்று தேவையான இடத்தில் ஒரு திரை கட்டத் தெரியவில்லை.

பாட்டு என்ன ஆயிற்று என்று அவைத் தலைவர் பார்க்கிறார். இங்கேயும் சனிக்கிழமை மாலைகளில் பாட்டுக் குழு நடத்துகிறோம். கும்மி, தாலாட்டு, நடவுப் பாட்டு. முதல் வாரம் ஏழு பேர். ஏழு பேரும் வேறு யாருக்காகவோ வந்ததாகச் சொன்னார்கள். பலகையில் 'புற்றுநோய்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'மகிழ்ச்சிக் குழு' என்று எழுதினால் கூட்டம் வரும் என்றார் ஒரு நலம்விரும்பி. முழுப் பூசணிக்காய்! எடுக்கவில்லை. இப்போது பதினாறு பேர் வருகிறார்கள்.

மூன்றாவது செய்தி, பாட்டும் தாய்மொழியும். நேரமில்லை. சுகாதாரத் துறை அலுவலர் எழுந்துவிட்டார். ஐயா, இரண்டு நிமிடம். உங்களிடம்தான் இந்த மனுவைத் தரப் போகிறேன். மாவட்டத்தில் பெண்களைப் பரிசோதிக்கும் ஒவ்வோர் அறைக்கும் உள்ளிருந்து பூட்டும் ஒரு தாழ்ப்பாள், ஒரு துணித்திரை. வேறு எதுவும் கேட்கவில்லை. வணிகர் சங்கத் தலைவருக்கு இரும்புக்கடை இருக்கிறது. தாழ்ப்பாள் விலை என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். பத்து வணிகர்கள் என்று அப்போதே சொல்லி வைத்தேன் அல்லவா?

கையெழுத்துத் தாள் வாசலில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆண்களும் போடலாம். பேனாவை நூலால் மேசையோடு கட்டியிருக்கிறேன். சென்ற கூட்டத்தில் மூன்று பேனா போய்விட்டது.