லாக்கப்பில் விழும் அடி

நேயர்களுக்கு வணக்கம்.

அநியாயத்தை எதிர்க்கும் போலீஸ் கதைகளுக்கு இந்தி சினிமாவில் பஞ்சமே இல்லை. நேர்மையான அதிகாரி, ஊரைக் கையில் வைத்திருக்கும் ரவுடி, அவனுக்குப் பின்னால் ஓர் அரசியல்வாதி, கடைசியில் ஒரு சண்டை. இந்த வகையில் என்னை விடாமல் தொந்தரவு செய்யும் படம் ஒன்று உண்டு. 1983-இல் கோவிந்த் நிஹலானி இயக்கிய 'அர்த் சத்யா'. பாதி உண்மை என்று பொருள். எஸ்.டி. பன்வல்கரின் மராத்திச் சிறுகதையை வைத்து விஜய் டெண்டுல்கர் எழுதிய திரைக்கதை. நாயகன் ஓம் பூரி.

இதைப் பேசுவதற்கு முன்னால் பத்து வருடம் பின்னோக்கிப் போக வேண்டும். 1973 மே மாதம் 'ஜஞ்சீர்' வெளிவந்தது. சலீம்-ஜாவேத் எழுத்து, பிரகாஷ் மெஹ்ரா இயக்கம். அதுவரை வரிசையாகத் தோல்வி கண்டிருந்த அமிதாப் பச்சனைக் கோபக்கார இளைஞனாக நிலைநிறுத்திய படம். சிறு வயதில் பெற்றோர் சுடப்பட்டுச் சாவதைப் பார்த்த பையன் போலீஸ் அதிகாரி ஆகிறான். கொலைகாரனின் மணிக்கட்டில் தொங்கிய குதிரை பொம்மை அவன் கனவில் வந்துகொண்டே இருக்கிறது. ஒரு நாள் அந்த மணிக்கட்டை நேரில் பார்த்துவிடுகிறான். அப்புறம் என்ன, கணக்குத் தீர்க்க வேண்டியதுதான். அடுத்த ஆண்டே தமிழில் அது 'சிரித்து வாழ வேண்டும்' ஆனது. இந்தியில் அமிதாப் ஒரு வேடம், பிராண் ஒரு வேடம். தமிழில் இரண்டும் எம்.ஜி.ஆரே. இன்ஸ்பெக்டரும் அவர்தான், அவரோடு மோதி நண்பராகும் அப்துல் ரஹ்மானும் அவர்தான். எம்.ஜி.ஆரோடு சரிசமமாக மோத வேறு யாரைப் போடுவது என்ற சிக்கல் தயாரிப்பாளருக்கு வந்திருக்கலாம்!

'ஜஞ்சீர்' இன்றைக்கும் சலிக்காத படம்தான். ஆனால் அதில் நாயகனுக்கு ஒரு வசதி இருக்கிறது. யாரை அடிக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். அநியாயத்துக்கு ஒரு முகம், ஒரு பெயர், ஒரு மணிக்கட்டு இருக்கிறது. அந்த ஆளை முடித்தால் படமும் முடிந்தது.

'அர்த் சத்யா'வின் அனந்த் வேலங்கருக்கு அந்த வசதி கிடையாது. பம்பாயில் சப்-இன்ஸ்பெக்டர். மேலே படிக்க ஆசைப்பட்டவனைப் போலீஸில் தள்ளியவர் அப்பா, அவரும் போலீஸ்காரர். அம்ரீஷ் பூரி நடித்திருக்கிறார். அந்த அப்பா அம்மாவை அடிப்பதைப் பார்த்துக்கொண்டு, ஒன்றும் செய்ய முடியாமல் நின்ற பையன் இவன். வேலைக்கு வந்த பிறகும் அதே நிலைமைதான். ராமா ஷெட்டி என்ற தாதாவின் ஆட்களைப் பிடித்தால் மேலிடத்திலிருந்து அழுத்தம் வருகிறது. எரிக்கப்பட்டுச் சாகக் கிடக்கும் ஒருவன் ஷெட்டியின் பெயரைச் சொல்கிறான். கைது செய்யப் போனால், ஷெட்டி போனை எடுத்து ஒரே ஒரு பேச்சுப் பேசுகிறான், இவன் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கிறது. உயிரைப் பணயம் வைத்து ஒரு கொள்ளைக்காரனைப் பிடித்தால் பெயர் வேறொரு அதிகாரிக்குப் போகிறது. கடைசியில் ராமா ஷெட்டி மாநகராட்சித் தேர்தலில் ஜெயித்தும் விடுகிறான்.

ஷெட்டியாக வந்தவர் மராத்தி நாடக மேடையிலிருந்து வந்த சதாசிவ் அம்ராபூர்கர். கத்தமாட்டார், கண்ணை உருட்டமாட்டார். கடைக்காரர் கணக்குப் பேசுவது மாதிரிப் பேசுவார். துணை நடிகருக்கான ஃபிலிம்ஃபேர் விருது அவருக்குக் கிடைத்ததில் ஆச்சரியம் இல்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். தேர்தல் முடிவுக்குப் பிறகு வேலங்கர் குடித்திருக்கிறான். ஸ்டேஷனில் ஒரு சில்லறைத் திருடன் மாட்டியிருக்கிறான். அவன் திருடியது ஒரு ரேடியோ. வேலங்கர் அவனை அடிக்கத் தொடங்குகிறான். அடுத்தவர் உரிமையைத் திருடுகிறாயா என்று கத்திக்கொண்டே அடிக்கிறான். அவன் செத்துப்போகிறான்.

இத்தனை நேரம் நாம் வேலங்கர் பக்கம் உட்கார்ந்து, எப்போது இவன் ஷெட்டியை அடிப்பான் என்று காத்திருந்தோம். அந்த அடி விழுகிறது. கேட்பதற்கு நாதியில்லாத ஒருவன் மேல் விழுகிறது. ஷெட்டிக்குச் சேர வேண்டிய கோபம், அப்பாவுக்குச் சேர வேண்டிய கோபம், கமிஷனர் அலுவலகத்துக்கும் அமைச்சருக்கும் சேர வேண்டிய கோபம், எல்லாம் அந்த லாக்கப்பில் போய்ச் சேருகிறது. கோபத்துக்கு மேலே ஏற வழியில்லை என்றால் அது கீழே இறங்கும். எனக்குத் தெரிந்து இதை இவ்வளவு நேராகக் காட்டிய போலீஸ் படம் வேறு இல்லை.

நிஹலானியின் முதல் படத்தையும் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி இன்னும் உறைக்கும். 1980-இல் வந்த 'ஆக்ரோஷ்'. அதையும் எழுதியவர் டெண்டுல்கர்தான். அதில் ஓம் பூரி, மனைவியைக் கொன்றதாகக் கூண்டில் நிறுத்தப்பட்ட பழங்குடிக் கூலித் தொழிலாளி. ஏறக்குறைய படம் முழுக்க வாயே திறக்கமாட்டார். மூன்று வருடம் கழித்து அதே அம்மைத் தழும்பு முகத்துக்குக் காக்கி மாட்டி, லாட்டியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அடி வாங்கியவரையே அடிப்பவராகவும் காட்டியது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. 'அர்த் சத்யா'வுக்காக ஓம் பூரிக்குத் தேசிய விருதும் கிடைத்தது, கார்லோவி வாரி திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருதும் கிடைத்தது.

படம் வந்த காலத்தைக் கொஞ்சம் பாருங்கள். 1982 ஜனவரி 11-ஆம் தேதி மன்யா சுர்வே என்ற ரவுடியை வடாலாவில் போலீஸ் சுட்டுக் கொன்றது. பம்பாயின் 'என்கவுன்டர்' வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது என்பார்கள். ஒரு வாரத்தில், ஜனவரி 18 அன்று, தத்தா சாமந்த் தலைமையில் பஞ்சாலைத் தொழிலாளர்கள் இரண்டு லட்சம் பேருக்கு மேல் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆகஸ்டில் பம்பாய்ப் போலீஸ்காரர்களே கிளர்ச்சி செய்து, ராணுவத்தைக் கூப்பிடும் நிலை வந்தது. வேலங்கர் மாதிரியான ஒருவனுக்குள் என்ன புகைந்துகொண்டிருந்தது என்பதை அந்த ஊர் அப்போதுதான் தெருவிலேயே பார்த்திருந்தது.

நமக்குத் தொடர்புள்ள ஒரு விஷயமும் இதில் இருக்கிறது. ராமா ஷெட்டி பாத்திரம் வரதராஜ முதலியாரை மனதில் வைத்து உருவானது என்று சொல்வதுண்டு. பம்பாய்த் தமிழர்கள் வரதா பாய் என்று அழைத்த தாதா. நான்கு ஆண்டுகள் கழித்து மணிரத்னத்தின் 'நாயகன்' வந்தது. அதன் வேலு நாயக்கருக்கும் அவர் வாழ்க்கைதான் தூண்டுதல். அந்தப் படத்தில் லாக்கப் சாவு எந்தப் பக்கத்திலிருந்து காட்டப்படுகிறது? ஹுசைன் பாயை இன்ஸ்பெக்டர் கேல்கர் ஸ்டேஷனில் கொன்றுவிடுகிறான்; அதற்குப் பழிவாங்கித்தான் வேலு பெரிய ஆளாகிறான். வேலங்கரின் லாக்கப்பில் செத்த திருடனுக்கும் வெளியே ஒரு குடும்பம், ஒரு சேரி இருந்திருக்கும். அங்கே உட்கார்ந்து பார்த்தால் அனந்த் வேலங்கரும் ஒரு கேல்கர்தான். இரண்டு படங்களையும் அடுத்தடுத்த நாளில் பாருங்கள் என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், இதுவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அதற்குப் பின் வந்த போலீஸ் படங்கள் மறுபடியும் 'ஜஞ்சீர்' வழிக்கே திரும்பிவிட்டன, இன்னும் சத்தமாக. நம்முடைய 'சிங்கம்' 2010-இல் வந்தது. மறு வருடமே ரோஹித் ஷெட்டி அதை இந்தியில் எடுத்தார். முடிவில் மொத்தப் போலீஸ் படையும் திரண்டு அரசியல்வாதியைத் தீர்த்துக்கட்டுகிறது. 2023 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதி கௌதம் படேல், இந்திய போலீஸ் அறக்கட்டளையின் கூட்டத்தில் இந்த உச்சக்காட்சியைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, இப்படிப்பட்ட படங்கள் ஆபத்தான சேதியைத் தருகின்றன என்று பேசினார். எனக்கும் அதே கருத்துதான். அந்தப் படங்களில் போலீஸ் அடி தப்பான ஆள் மேல் விழுவதே இல்லை. லாக்கப் அப்படி இயங்குவதில்லை என்று வேலங்கர் படம் அப்போதே காட்டிவிட்டது.

அதில் ஒரு கவிதையும் உண்டு. மராத்திக் கவிஞர் திலீப் சித்ரே எழுதியது. வேலங்கரின் காதலி ஜோத்ஸ்னா கல்லூரியில் இலக்கியம் கற்பிப்பவள்; நடித்தவர் ஸ்மிதா பாட்டீல். அவளிடமிருந்த புத்தகத்தை வாங்கி வேலங்கர் சும்மா விளையாட்டாக வாசிக்க ஆரம்பிக்கிறான். சக்கரவியூகத்துக்குள் நுழையும் முன் நான் யார், எப்படி இருந்தேன் என்பது நினைவிருக்காது என்று கவிதை போகிறது. தராசின் ஒரு தட்டில் கையாலாகாத்தனம், மறு தட்டில் ஆண்மை, நடுமுள்ளில் பாதி உண்மை. போகப் போக ஓம் பூரியின் குரல் தாழ்ந்துகொண்டே வரும். படத்தைப் பார்க்க முடியாவிட்டாலும் அந்த வாசிப்பை மட்டுமாவது கேளுங்கள்.

முடிவைப் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. திருடன் செத்ததும் வேலங்கர் மேல் விசாரணை வருகிறது. தப்பிக்க வேறு வழி தெரியாமல் ராமா ஷெட்டியிடமே போகிறான். என்னோடு சேர்ந்துகொள் என்கிறான் ஷெட்டி. வேலங்கர் அவன் கழுத்தை நெரித்துக் கொன்றுவிட்டு, ஸ்டேஷனுக்குப் போய்ச் சரணடைகிறான். ரசிகர்கள் காத்திருந்த காட்சி இதுதான். ஆனால் அவன் அங்கே நியாயம் கேட்கப் போகவில்லை. தான் செய்த கொலைக்குத் தண்டனை கிடைக்காமல் இருக்க உதவி கேட்டுப் போனான். ஷெட்டியின் சாவு இவனுக்கு ஒரு வீரப் பட்டத்தைக் கொடுத்துவிடுகிறது. அதற்குள் ரேடியோ திருடியவனை நாம் பாதி மறந்துவிடுகிறோம். நிஹலானி அதை வேண்டுமென்றே செய்தாரா, கதை அவர் கையை மீறிப் போய்விட்டதா என்பதில் எனக்கு இன்னும் ஒரு முடிவு இல்லை. பார்த்தவர்கள் எழுதுங்கள்.

நன்றி, வணக்கம்.